வருடச் சந்தா கேட்கத் தயங்காதே

ஈரோடு,
16.11.2025

அன்பு நண்பா,

நலம். உன் கடிதம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வந்தது. என் பில் மென்பொருளை வைத்திருக்கும் ஜவுளிக்கடைகளில் கூட்டம் வடிந்து, போன் மணி ஓய்ந்த பிறகு நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்று எடுத்துவைத்திருந்தேன். அப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே அம்மா நலம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவி ஓடுவதே இல்லை.

அண்ணனின் சங்ககிரி லாரி ஆபீஸுக்காக நீ எழுதிய கணக்கு மென்பொருளையே தொழிலாக்கிக்கொண்டு சென்னை வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். செய்யலாம். செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசையும். உன் திட்டத்தில் ஒரே ஒரு வரிதான் உறுத்துகிறது. ‘இருபத்தைந்தாயிரம் ரூபாய் ஒரே தடவை, அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க எதுவும் கேட்க மாட்டேன்’ என்கிறாய். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறாய். ஆனால் அந்த வரி உன் தொழிலையும் அழிக்கும், உன்னை நம்பி வாங்கியவரையும் நடுவழியில் விடும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தச் செப்டம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, 12 சதவீத, 28 சதவீத வரி விகிதங்கள் இனி இல்லை என்று முடிவு செய்தது. புகையிலை போன்ற சிலவற்றைத் தவிர மற்றதெல்லாம் 22ஆம் தேதி முதல் அமல். அன்று திங்கட்கிழமை, நவராத்திரி தொடக்கம். அங்கிருந்து தீபாவளிக்குச் சரியாக நான்கு வாரம். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஜவுளி, மீதிப் பேர் மளிகையும் பாத்திரமும். மளிகைக்கடைக்காரருக்கு சோப்பு, ஷாம்பு, பற்பசை 18இலிருந்து 5க்கு வந்தன, நெய்யும் வெண்ணெயும் 12இலிருந்து 5க்கு வந்தன. ஒவ்வொரு கடையிலும் ஆயிரக்கணக்கான சரக்குகளைப் பிரித்து மாற்ற வேண்டும். ஞாயிறு இரவு கடை மூடும்வரை பழைய வரியில் பில் போட வேண்டும், திங்கள் காலை முதல் பில்லிலேயே புதிய வரி வர வேண்டும்.

ஜவுளிக்கடைகளில் வேலை இன்னும் கூடுதல். ஆயத்த ஆடைக்கு முன்பு ஓர் உருப்படி ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. இப்போது 2,500 வரை 5, அதற்கு மேல் 18. புடவையோ துணிக் கணக்கில் வருவதால் எட்டாயிரம் ரூபாய்ப் பட்டுக்கும் 5தான். ஆக, விலையை மட்டும் பார்த்து வரி போட முடியாது, சரக்கு எந்த வகை என்றும் தெரிய வேண்டும். தள்ளுபடியைக் கழித்த பிறகு என்ன விலை வருகிறதோ அதற்குத்தான் வரம்பு பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மேலாக ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்க் கடைகளில் வரியையும் சேர்த்துத்தான் விலைச்சீட்டு ஒட்டுவார்கள். ஒரு சுடிதார் செட்டுக்கு வரி உட்பட 2,800 ரூபாய் என்று வைத்துக்கொள். 5 சதவீதம் என்று எடுத்து வரியைக் கழித்தால் வரியில்லாத விலை 2,667 வருகிறது. அது 2,500ஐத் தாண்டிவிட்டது, ஆகவே 18 போட வேண்டும். சரி, 18 என்று எடுத்துக் கழித்தால் 2,373 வருகிறது. அது 2,500க்குள் இருக்கிறது, ஆகவே 5 போட வேண்டும்! எந்தப் பக்கம் போனாலும் கணக்கு நிற்காது. வரி உட்பட 2,625க்கு மேல் 2,950 வரை உள்ள எந்த விலைக்கும் இதே நிலைதான். ஒரு காகிதத்தில் போட்டுப் பார். முன்பு 1,050க்கும் 1,120க்கும் நடுவில் இதே பள்ளம் இருந்தது, சின்னதாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. இப்போது அது தீபாவளி வியாபாரத்தின் நடுவிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த விலையைப் பதிவு செய்ய முயன்றால் உடனே எச்சரித்து, 2,625ஆக இறக்கவோ 2,950க்கு மேல் ஏற்றவோ கேட்கும்படி எழுதி, இருநூற்றுச் சொச்சம் கடைகளுக்கும் 20ஆம் தேதிக்குள் அனுப்பினேன். பலர் விலைச்சீட்டையே மாற்றி அடித்தார்கள்.

அதே வாரத்தில், என்னிடம் வாங்காத ஒரு கடைக்காரர் தேடிக்கொண்டு வந்தார். ‘ஆயுள் முழுக்கச் சேவை’ என்ற வாக்குறுதியோடு ஒருவரிடம் வாங்கியவர். அந்த எண்ணில் இப்போது யாரும் எடுப்பதில்லை. விற்றவரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். புதிய ஆள் வாங்கினால்தான் அவருக்கு வருமானம். பழைய ஆளுக்குச் செய்யும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். விற்பனை குறைந்த மாதத்தில் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஒரே தடவைப் பணம் எந்த நல்ல மனிதரையும் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும்.

ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலை 1 முதல் யோசித்துப் பார். அடுத்த ஏப்ரலில், சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் வந்தது. பிறகு பில்லில் சரக்கின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண் கட்டாயமானது. பில்லை அரசின் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. எழுதி முடித்துவிட்ட மென்பொருள் என்று நம் தொழிலில் ஒன்று கிடையாது. வருடா வருடம் வேலை இருக்கிறது, ஆகவே வருடா வருடம் கூலி வேண்டும். நான் ஆறாயிரம் வாங்குகிறேன், வரி தனி. ஏப்ரலில் புதிய நிதியாண்டுக்கு பில் வரிசை எண் மாறும்போது சந்தாவையும் கேட்டுவிடுவேன். வியாபாரியும் அப்போது கணக்குப் பார்க்கும் மனநிலையில் இருப்பார்.

‘எங்கள் ஆட்கள் வருடச் சந்தா தர மாட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறாய். லாரிக்காரர் இன்சூரன்ஸ் கட்டுகிறார், எஃப்சி என்ற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டுகிறார், பர்மிட் புதுப்பிக்கிறார், காலாண்டு வரி கட்டுகிறார். காலம் தவறாமல் பணம் கட்டுவதில் அவர்களை விடப் பழகியவர்கள் யார்? எதற்குத் தருகிறோம் என்று தெரிந்தால் தருவார்கள். முதல் நாளே முகத்தைப் பார்த்துத் தொகையைச் சொல்லிவிடு. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அது கடைசி வரை வாயில் வராது.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. சந்தா நின்ற அன்று கணக்கைப் பூட்டாதே. பணம் கட்டாதவருக்கு என் மென்பொருளில் புதிய பில் போட முடியாது, அவ்வளவுதான். பழைய பில்களைத் திறந்து பார்க்கலாம், அச்சடிக்கலாம், எக்செல் கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு யாரிடமும் போகலாம். ஆண்டறிக்கைக் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சட்டமே சொல்கிறது. அவருடைய கணக்கு அவருடைய சொத்து. அதைப் பிடித்துவைத்துக்கொண்டு பணம் கேட்பது எனக்கு அருவருப்பான காரியம்.

நம் இருவரின் மென்பொருளுக்கும் அடியில் இருக்கும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளையே எடுத்துக்கொள். பில் போடும் நடுவில் மின்சாரம் போனாலும் கணக்கு கெடாமல் காப்பது அதுதான். 2000இல் ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் வெளியிட்டது. உலகத்துக் கைப்பேசிகளிலெல்லாம் இருக்கிறது. இன்றும் அதை வளர்ப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உரிமம்கூட வேண்டாம். அவர்கள் சாப்பாட்டுக்கு வழி, பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் கட்டும் உறுப்பினர் கட்டணமும் ஆதரவு ஒப்பந்தங்களும்தான். 2050 வரை பராமரிப்போம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பொருளையே இலவசமாகத் தருகிறவர்கள்கூடப் பராமரிப்புக்குப் பணம் வாங்குகிறார்கள். அதனால்தான் அவர்களால் சின்னதாகவே இருந்துகொண்டு இவ்வளவு காலம் நிற்க முடிகிறது. எனக்குப் பெரிய தைரியம் தருகிறவர்கள் அவர்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை வைத்து யார் வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் இதை எழுதிவிடுவார்களே என்ற உன் பயம் எனக்கு இல்லை. நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன், வேலை வேகமாக நடக்கிறது. ஆனால் இரவு ஒன்பதரைக்கு, கடை மூடும் நேரத்தில், ‘பில் வெள்ளையாக வருகிறது’ என்று ஒருவர் பதறிக்கொண்டு கூப்பிடுகிறார். தெர்மல் காகிதத்தில் ஒரு பக்கம்தான் எழுத்து விழும். புதிதாக வந்த பையன் ரோலைத் திருப்பிப் போட்டிருப்பான். அதைச் சொன்னதும் அவர் விடுகிற பெருமூச்சு இருக்கிறதே, அதற்கும் சேர்த்துத்தான் அந்த ஆறாயிரம். நிரல் எழுதுவது இந்தத் தொழிலில் எப்போதுமே பாதி வேலைதான்.

இதனால்தான் முதல் ஆளாக இன்னொரு நிரலாளரை வைக்காதே என்கிறேன். என்னிடம் இருப்பவர் பி.காம். படித்த ஒரு பெண். வரி, இருப்பு, பற்று வரவு எல்லாம் என்னை விட நன்றாகத் தெரியும். போனில் நிதானமாகப் பேசுவார். மாத விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1ஐத் தாக்கல் செய்யும் கெடுவான 11ஆம் தேதி நெருங்கும்போது அவர் இல்லாமல் இந்த ஆபீஸ் நடக்காது. உனக்கும் லாரி ஆபீஸில் உட்கார்ந்து பழகிய ஒருவர் வேண்டும்.

உன் மென்பொருளில் எனக்குப் பிடித்தது இ-வே பில் காலக்கெடு எச்சரிக்கை. அந்தச் சீட்டு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும், அதனால் வண்டி வழியில் நின்றுபோனால் கெடு முடிவதற்குள் ஆபீஸுக்குத் தெரிய வேண்டும். வேறு வண்டிக்கு லோடு மாற்றினால் வண்டி எண்ணையும் மாற்ற வேண்டும். இதெல்லாம் ஆபீஸில் வளர்ந்தவனுக்குத்தான் தோன்றும். டிரைவர் பேட்டா, டீசல், அட்வான்ஸ், பேலன்ஸ் எல்லாம் ஒரே திரையில் வருவதும் அருமை. டயர் கணக்கை இப்போது சேர்க்காதே. அது ஒவ்வொரு ஆபீஸிலும் ஒவ்வொரு மாதிரி, உன் நேரத்தையெல்லாம் தின்றுவிடும்.

வேலையை விடும் தேதியை மட்டும் இப்போது குறிக்காதே. அண்ணனையும் உறவினர்களையும் விட்டுவிட்டு, உன்னை முன்பின் தெரியாத பத்து ஆபீஸ்கள் முதல் வருடச் சந்தாவைக் கட்டட்டும். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் சனி ஞாயிறுகளில் அலைந்தாலே அது முடியும். பத்துப் பேர் கட்டிவிட்டால் ராஜினாமாவை எழுது. வீட்டில் பேச வேண்டுமானால் நானும் வந்து பேசுகிறேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது மடிக்கணினியை எடுத்து வா. திருச்செங்கோட்டில் லாரி ஆபீஸ் வைத்திருக்கும் என் வாடிக்கையாளர் ஒருவரிடம் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், பார்க்க வேண்டும் என்கிறார். உன் வருடத் தொகையை முடிவு செய்துகொண்டு வா. அவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் அன்பு நண்பன்