அம்மாவின் இடது கால்

அன்பு மகளே,

போன வாரம் நீ போனில் கேட்டபோது அம்மா பக்கத்திலேயே இருந்தாள். அதனால் "நல்லா இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டேன். இப்போது தூங்குகிறாள். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது கீமோ முடிந்த நாலாம் நாள் அவளுக்கு இடது கால் வீங்கியிருந்தது. அசதியில் படுத்தே கிடக்கிறாளே, அதனால் இருக்கும் என்று நினைத்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து காலை நீவி விட்டேன். ஒரு கால் மட்டும் வீங்கினால் நீவக் கூடாதாம், உடனே காட்ட வேண்டுமாம். இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

ரத்தக்குழாய்களைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கும்போது என்னையும் உள்ளே விட்டார்கள். தொடை இடுக்கில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே கீழே வந்தார் டாக்டர். திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரிந்தன. ஒன்று தமனி, மற்றது சிரை. அழுத்தினால் சிரை தட்டையாகி மூடிக்கொள்ளும், கையைத் தளர்த்தினால் விரியும். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் மூடாது. தொடை முழுக்க மூடி மூடித் திறந்துகொண்டே வந்தது. முழங்காலுக்குப் பின்னால் வந்ததும் மூடவில்லை. இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். அப்போதும் மூடவில்லை. அவர் வாய் திறப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

காலில் உறைந்தது நுரையீரலுக்கும் போயிருக்கிறதா என்று பார்க்க அன்றைக்கே நெஞ்சுக்கு சிடி ஸ்கேன். முதலில் சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை, அப்புறம் கையில் ஊசி வழியாக அயோடின் மருந்து. உடம்பெல்லாம் சூடு பரவியது என்றாள். அந்த மருந்து போகும் ரத்தக்குழாய்கள் படத்தில் வெள்ளையாகத் தெரியும். உறைந்த இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு இடைவெளி இருக்கும். வலது நுரையீரலின் கீழ்க்கிளையில் அப்படி ஒன்று இருந்தது. அவளுக்கு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இல்லவே இல்லை. புற்றுநோய் எப்படி இருக்கிறது என்று பார்க்க எடுக்கும் வழக்கமான சிடியிலேயே சிலருக்கு இப்படி எதிர்பாராமல் தெரிய வருமாம்.

ரத்தம் உறைந்திருக்குமா என்று பார்க்க டி-டைமர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டே, அதைப் பார்க்கவில்லையா என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். புற்றுநோய் இருந்தாலே அந்த அளவு பெரும்பாலும் கூடித்தான் இருக்கும், அதை நம்பிக் காத்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

புற்றுநோய் ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கும், கீமோவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வயிறு, கணையம் இரண்டிலும் வரும் புற்றுநோய்க்கு இது ரொம்பவே உண்டு. பாரிஸில் ட்ரூசோ என்ற மருத்துவர் 1865-லேயே இந்தத் தொடர்பைச் சொல்லியிருக்கிறார். அத்தனை பழைய விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

சரி, இனி நடப்பதைச் சொல்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வயிற்றுத் தோலில் ஊசி. குறைந்தது ஆறு மாதம். மாத்திரையும் இருக்கிறது, ஆனால் அம்மாவுக்கு வயிற்றில் ரத்தம் கசியும் பயம் இருப்பதால் இப்போதைக்கு ஊசிதான். நானே போடக் கற்றுக்கொண்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவள் என்னிடம் எதையும் சொல்வதில்லை, நான் பயந்துவிடுவேனாம். நீ போன் செய்யும்போது பேச்சோடு பேச்சாகக் கேள்: மூச்சு வாங்குகிறதா, மற்ற கால் எப்படி இருக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறதா என்று. ஏதாவது சொன்னால் நேரம் பார்க்காமல் எனக்கு உடனே சொல்.

அப்பா