பாப்பா, இறங்கும்போது கால் வலிக்காது

வத்தலக்குண்டு,
பிப்ரவரி 26

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். மார்ச் விடுமுறைக்கு நாலு பேர் சேர்ந்து அமெரிக்காவின் அந்தப் பெரிய பள்ளத்தாக்கு, கிராண்ட் கேன்யன் போகிறோம் என்று நேற்று போனில் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. 28 வருஷமாக அதைக் கரும்பலகையில் வரைகிறவன் நான். நீளம் 446 கி.மீ., ஆழம் ஒன்றரை கி.மீ.க்கும் மேல் என்று எழுதிவிட்டு, கொலராடோ ஆற்றை அடியில் நீலச் சாக்கட்டியால் ஒரு கோடாக இழுப்பேன். "நீங்க பார்த்திருக்கீங்களா சார்?" என்று வருஷத்துக்கு ஒரு பையனாவது கேட்பான். அடுத்த வருஷம் கேட்கிறவனிடம், என் மகள் பார்த்திருக்கிறாள் என்று சொல்வேன்.

சரி, மூட்டை கட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். அரிசோனா என்றால் பாலைவனம்தானே என்று மெல்லிய சட்டையாக எடுத்து வைத்திருக்கிறாயாம், அம்மா சொன்னாள். நீ விமானம் இறங்குகிற ஃபீனிக்ஸுக்கு அது போதும். நீங்கள் தங்கப்போகிற தெற்கு விளிம்பு ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், நம் கொடைக்கானல் உயரம்தான். ஆனால் கொடைக்கானல் இருப்பது 10 டிகிரி அட்சரேகையில், அது 36 டிகிரியில். மார்ச் மாத ராத்திரிகளில் அங்கே பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், பனிகூட விழும். அதே நாளில் பள்ளத்துக்குள் இறங்கினால் 300 மீட்டருக்குச் சுமார் 3 டிகிரி வீதம் சூடு ஏறிக்கொண்டே போகும். அதனால் ஒரே ஒரு தடித்த கோட்டை நம்பாதே. உள்ளே முழுக்கை பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றவும் மாட்டவும் தோதாக இருக்கட்டும். உள்பனியன் பருத்தியில் வேண்டாம். வேர்வையில் நனைந்தால் காயாது, குளிர் அப்படியே உடம்போடு ஒட்டிக்கொள்ளும். காற்று ரொம்ப வறண்டிருக்கும், உதடு வெடிக்கும். சின்னக் குப்பியில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொள்.

ஷூ விஷயத்தில் மட்டும் அப்பா பேச்சைத் தட்டாதே. விடுமுறைக்கென்று புது ஷூ வாங்கி அங்கே போய் முதல் தடவை போடாதே. இப்போதே வாங்கி, இரண்டு வாரம் தினமும் வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போ. பள்ளத்துக்குள் இறங்குகிற பாதையின் மேல்பகுதியில் அந்த மாதத்தில் ஐஸ் உறைந்திருக்க வாய்ப்புண்டு. ஷூவுக்கு அடியில் மாட்டிக்கொள்கிற பல் வைத்த சங்கிலி கிடைக்கும், நாலு பேருக்கும் வேண்டும்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொடைக்கானல் சுற்றுலா கூட்டிப்போனேன். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு மரவேர்களில் கால்வைத்து இறங்கிப் போவோமே, அந்த வழிதான். காலை வெயிலில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினார்கள். யாரிடமும் போதுமான தண்ணீர் இல்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி ஏறும்போது ஒரு பையன் கண் சொருகி என் தோளில் சாய்ந்துவிட்டான். அவனை முதுகில் சுமந்து ஏறினேன். மேலே ஒரு பெட்டிக்கடை அம்மா உப்புப் போட்டு எலுமிச்சைச் சாறு கொடுத்தபிறகுதான் அவன் வாய் திறந்து பேசினான். தப்பு முழுக்க என்னுடையது. அந்த ஏற்றத்தில் அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நீ போகிற பிரைட் ஏஞ்சல் பாதையும் அதே ஜாதிதான். மலையேற்றத்தில் களைப்பு முதலில் வரும், திரும்பிவிடலாம். இங்கே சுகமான பாதி முதலில் வந்துவிடுகிறது. இறங்கும்போது கால் வலிக்காது, அதை வைத்துக் கணக்குப் போடாதே. இறங்க ஒரு மணி நேரம் ஆனால் ஏற இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள். ஆறுவரை போய் ஒரே நாளில் திரும்ப வேண்டாம் என்று அந்தத் தேசியப் பூங்காக்காரர்களே எச்சரிக்கிறார்கள். இரண்டரை கி.மீ. தூரத்தில் முதல் ஓய்வுக்கூடம் வரும். அங்கே உட்கார்ந்து பாருங்கள், ரசியுங்கள், திரும்பிவிடுங்கள். வழியில் குழாய் இருக்கிறதே என்று நம்பாதே, குளிர்காலத்தில் அடைத்துவிடுவார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டராவது தோளில் இருக்கட்டும். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்புக் குறைந்துவிடும். பொங்கலுக்கு அம்மா கூரியரில் அனுப்பிய முறுக்கும் கடலைமிட்டாயும் மிச்சம் இருந்தால் அதற்குத்தான் வைத்துக்கொள்.

அப்புறம் உன் இன்ஹேலர். அது பெட்டியில் போகக்கூடாது, சட்டைப்பையில் இருக்க வேண்டும். கொடைக்கானலில் உனக்கு எட்டு வயதில் இழுப்பு வந்த ராத்திரி நினைவிருக்கும். அதே உயரம் என்று சொன்னேன் இல்லையா, அதனால்தான். மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொள். பாஸ்போர்ட், கல்லூரி கொடுத்த ஐ-20, அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவான ஐ-94 மூன்றும் கைப்பையில். உள்நாட்டுப் பயணம்தானே என்று அறையில் விட்டுவிட்டுப் போகாதே. பவர் பேங்க்கும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஊறுகாயைத் திரவக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள், 100 மில்லிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். பருப்புப்பொடி போதும்.

வாடகைக் கார் ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓட்ட வேண்டும். களைப்பாக இருக்கிறது, கொஞ்ச தூரம் நீ ஓட்டு என்று மாற்றிக்கொள்ளாதீர்கள். ஃபீனிக்ஸிலிருந்து மூன்றரை, நாலு மணி நேரம் ஆகும். இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள், பெரிய பெரிய மான்கள் சாலையில் குறுக்கே வரும்.

நீ இருக்கிற டெக்சாஸில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அரிசோனாவில் பெரும்பாலான இடங்களில் தள்ளுவதில்லை. விமான நேரத்தை அதை வைத்துச் சரிபார். நமக்கும் அங்கேயும் பன்னிரண்டரை மணி நேரம் வித்தியாசம். நீ சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே ஏறி வந்தால் இங்கே மறுநாள் காலை ஆறரை. பள்ளத்துக்குள் சிக்னல் கிடைக்காது என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். ஏறி வந்ததும் ஒரு வார்த்தை அனுப்பு, காபி குடிக்காமல் காத்திருப்போம்.

அங்கே உள்ள சிகரங்களில் ஒன்றுக்கு விஷ்ணு கோயில், இன்னொன்றுக்குச் சிவன் கோயில் என்று பெயர். 1880களில் அங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் வைத்தது. பள்ளத்தின் அடியில் கிடக்கிற பாறைக்கும் விஷ்ணு பெயர்தான், வயது ஏறக்குறைய 170 கோடி வருஷம். அதைப் பார்க்க நீ கீழே இறங்க வேண்டியதில்லை. மேலே விளிம்பை ஒட்டி 'காலத்தின் பாதை' என்று ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் வருஷம் என்று கணக்கு. பள்ளத்தின் ஒவ்வொரு அடுக்குப் பாறையையும் கொண்டுவந்து, தொட்டுப் பார்க்கட்டும் என்றே வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒரு மாலைப்பொழுதை அதற்கு ஒதுக்கு.

சின்ன வயதில் எங்கே போனாலும் என் வகுப்பு அலமாரிக்கு ஒரு கல் பொறுக்கி வருவாய். அங்கே கூழாங்கல்கூட எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். அதனால் கல் வேண்டாம். அந்த விஷ்ணு பாறைமேல் உன் கையை வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. உன் முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கை தெரிந்தால் போதும். பெரிதாகப் பிரின்ட் போட்டு வகுப்புக்குக் கொண்டுபோவேன்.

அன்புடன்,
அப்பா