எங்க ஊட்டுக்காரருக்கு நாளைக்கு ஷிப்ட் இல்லீங்க

மாவட்ட ஆட்சியர் அய்யாவுக்கும் மருத்துவத்துறை, மாற்றுத்திறனாளி நலத்துறை அதிகாரிகளுக்கும் வணக்கமுங்க.

போன வாரம் ஊனச் சர்ட்டிபிகேட் கேம்ப்புக்கு, ரோட்டுல உழுந்து தலைல அடிபட்ட எங்க ஊட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்திருந்தேன். காலைல ஆறரை பஸ்ஸு, டோக்கன் 63, உள்ள போறப்ப மணி ஒன்றரை. டாக்டர் கையைத் தூக்கச் சொன்னாரு, தூக்குனாரு. நடக்கச் சொன்னாரு, நடந்தாரு. என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டதுக்கு "கட்டிங் மாஸ்டருங்க, நாளைக்கு ஒன்றரை ஷிப்ட், சீக்கிரம் விட்டீங்கன்னா நல்லாருக்கும்"னு சிரிச்சுட்டே சொன்னாரு. அவரு கம்பெனி வாசப்படி மிதிச்சு 14 மாசம் ஆச்சுங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன், இல்லீங்க டாக்டர்னு வாயைத் தொறக்கறதுக்குள்ள 64-ஐக் கூப்பிட்டாங்க. தாள்ல பாத்தா வேலைக்குப் போயிட்டிருக்காரு, ஊனம் எதுவுமில்லைன்னு எழுதியிருக்குது.

அவரு பொய் சொல்லலீங்க. முன்மூளைல அடிபட்டவங்கள்ல சில பேருக்கு தனக்கு என்ன கொறைங்கறதே தெரியாமப் போயிரும், பேச்சு மட்டும் தெளிவா இருக்கும்னு ஆபரேசன் பண்ணுன டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. ஊட்டுக்கு வந்து பாத்தாத் தான் தெரியும். பாலை அடுப்புல வெச்சுட்டு வாசல்ல போயி நின்னுக்குவாரு, தீயற வாசம் கூடத் தெரியாது. பேனாவை எடுத்துட்டான்னு பாப்பாவை அடிக்கக் கை ஓங்குவாரு, பத்து நிமிசத்துல "கண்ணு சாப்ட்டியா"ம்பாரு, அவ என் பின்னால வந்து ஒட்டிக்குவா. வலிப்பு மாத்திரையைப் போட்டமா இல்லையான்னு தெரியாம ரெண்டு தடவை முழுங்கிட்டாரு, அதுல இருந்து டப்பா என் டிபன் பையோட கம்பெனிக்கு வருது.

காங்கேயம் ரோட்டுல உழுந்து கெடந்தவரை 108 தான் தூக்கிட்டுப் போச்சு, நம்மைக் காக்கும் 48 திட்டத்துல மொத ரெண்டு நாளைக்கு ஒரு ரூபா கேக்கல. அந்த நன்றி சாகற வரைக்கும் இருக்கும். ஆனா டிஸ்சார்ஜ் அன்னைக்கு கைல மூனு தாளைக் குடுத்து அனுப்புனாங்க, இனி ஆரைப் பாக்கறதுன்னு ஒருத்தரும் சொல்லல. நியூரோ ஓபி ஒரு நாள், பிசியோ ஒரு நாள், மனநல டாக்டர் இன்னொரு நாள், ஒருத்தர் எழுதுன மாத்திரை இன்னொருத்தருக்குத் தெரியாது, ஒவ்வொரு ரூம்லயும் மொதல்ல இருந்து கதை சொல்லோணும், செராக்ஸ் குடுக்கோணும், அன்னைக்கு எனக்குக் கூலி இல்ல.

நான் முக்கியமா கேக்கறது ஒன்னு தாங்க. தலைல அடிபட்டு ஊடு திரும்பறவங்களுக்குன்னு மாவட்டத்துக்கு ஒரு ஆளைப் போடுங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கே அவர் பேரும் போன் நம்பரும் எங்க கைல இருக்கோணும்.

2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல 21 வகை ஊனம் இருக்குதாமா. பார்க்கின்சனுக்குப் பேரு இருக்குது, தலைக்காயத்துக்குத் தனியா பேரே இல்ல. கை கால் நல்லாருந்தா, சலுகைக்குக் கேக்கற 40 சதவீத ஊனத்துக்கு எங்க போறது? அதனால தான் ஞாபகத்தையும் ரோசனையையும் சோதிக்கற சைக்காலஜிஸ்ட் கேம்ப்புல இருக்கோணும், கூட இருக்கறவங்க சொல்றதையும் எழுதிக்கோணும். மக்களைத் தேடி மருத்துவத்துல எங்க அத்தைக்குப் பிரசர் மாத்திரை குடுக்க ஒரு அக்கா ஊட்டுக்கே வர்றாங்க, அந்தக்காகிட்ட இவரையும் பாக்கச் சொன்னா நாலு கேள்வி கேட்டு மேல சொல்ல மாட்டாங்களா?

ரோட்டை அகலம் பண்ணிட்டே போறீங்க, அதுல உழுந்து பொழைச்சவன் குடும்பம் எப்படிக் கெடக்குதுன்னு ஆரு வந்து பாத்தீங்க? ஒறம்பரைக கூட "நல்லாத் தான இருக்கான், வேலைக்கு அனுப்பு"ங்கறாங்க. அவங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமில்லீங்களா.

கோவத்துல பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க. அந்த ஒரு ஆளை மட்டுமாவது போட்டுக் குடுங்க அய்யா.

அடுத்த கேம்ப்புக்கும் கூட்டிட்டு வருவேன். அப்பவும் அவரு நாளைக்கு ஷிப்ட் இருக்குதுன்னு தான் சொல்லுவாரு. அதை எழுதறதுக்கு முன்னாடி பக்கத்துல நிக்கற என்னை ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
பனியன் கம்பெனி செக்கிங்ல வேலை பாக்கறவ