தம்பியின் ஸ்டென்டும் உன் சிஆர்பியும்

அன்புள்ள முருகேசா,

தம்பிக்கு ஸ்டென்ட் வைத்து, நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டான் என்று படித்த பிறகுதான் நிம்மதியாக உட்கார்ந்தேன். 46 வயசெல்லாம் மாரடைப்புக்கான வயசா? சிகரெட்டை அவன் எப்போதோ விட்டுவிட்டான் என்று நீ எழுதியிருக்கிறாய். நீ அண்ணன், நம்பித்தான் ஆகவேண்டும். எனக்கு அந்தக் கடமை இல்லை. டிஸ்சார்ஜ் ஆன கையோடு நீயே கேட்டுவிடு.

இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இந்தக் கடிதத்தைக் கண்ணாடி இல்லாமல்தான் எழுதுகிறேன். கோடு கோணினால் பொறுத்துக்கொள்.

இனி உன் விஷயம். செக்கப்பில் சிஆர்பி 4 என்று வந்ததும், "எங்க வம்சத்து ரத்தத்திலேயே இந்தச் சனியன் இருக்கா?" என்று கேட்கிறாய். போதாததற்கு, மரபணுவைப் பார்த்தே மாரடைப்பு வருமா வராதா என்று சொல்லிவிடுவோம் என ஒருவன் போன் போட்டு உன்னைப் பயமுறுத்தியிருக்கிறான்.

சிஆர்பி என்பது கல்லீரல் செய்யும் ஒரு புரதம். 1930-லேயே நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், நிமோனியா வந்தவர்களின் ரத்தத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். ஈறு வீங்கியிருந்தாலும் ஏறும், நெஞ்சுச் சளிக்கும் ஏறும். அதனால் முதலில், சளி காய்ச்சல் எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து இன்னொரு முறை எடு. ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஜாதகம் கணிக்காதே.

ஆனால் உன் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் ஊர்க்காரர்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். சிஆர்பி லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்கு, 1-க்குக் கீழ் இருந்தவர்களைவிட இதய ரத்தக்குழாய் நோய் ஏறக்குறைய 1.6 மடங்கு. சரி, நோயைக் கொண்டுவருவது சிஆர்பியா, அல்லது நோயும் சிஆர்பியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றனவா? தொப்பை, புகை, சர்க்கரை எல்லாமே சிஆர்பியை ஏற்றும். அவையே இதயத்தையும் கெடுக்கும். எதை எதிலிருந்து பிரிப்பது?

இங்கேதான் மரபணு கைகொடுத்தது. ஒரு மரபணுவின் எந்தப் பிரதி அப்பாவிடமிருந்து, எது அம்மாவிடமிருந்து என்பது கருவிலேயே திருவுளச்சீட்டு எடுத்த மாதிரி முடிந்துவிடுகிறது. பிறகு அந்தப் பிள்ளை வளர்ந்து பீடி குடித்தாலும் மாரத்தான் ஓடினாலும் அந்தச் சீட்டு மாறாது. சிஆர்பி மரபணுவின் சில வகைகள் ஆயுசு முழுக்க அதன் அளவை 64 சதவீதம் வரை கூட்டுகின்றன. சிஆர்பிதான் குற்றவாளி என்றால் அந்த வகை உள்ளவர்களுக்கு இதய நோய் 32 சதவீதம் வரை கூடியிருக்க வேண்டும். 2008-ல் கணக்கைக் கூட்டிப் பார்த்தார்கள்; நோய் கூடவில்லை! எனக்கு இந்த ஆய்வை ரொம்பப் பிடிக்கும். மாத்திரை எதையும் கொடுக்காமல், பிறப்பே செய்துவைத்த பரிசோதனையை வைத்து ஒரு பெரிய சந்தேகத்தைத் தீர்த்துவிட்டார்கள்.

அப்படியானால் அழற்சிக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, ஒரு படி மேலே போய்ப் பார்க்கவேண்டும். சிஆர்பியைச் செய்யச் சொல்லிக் கல்லீரலுக்கு ஆணை போடுவது இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் புரதம். அந்த ஆணையை வாங்கிக்கொள்ளும் ஏற்பிக்கு ஒரு மரபணு உண்டு. அதில் 358-ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதில் அலனின் வந்து உட்கார்ந்தால், ஏற்பி செல்லின் மேல் தங்காமல் கழன்று ரத்தத்தில் மிதக்க ஆரம்பிக்கிறது. ஆணை வருகிறது, வாங்க ஆளில்லை. ஆகவே ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 தேங்கி ஏறுகிறது, சிஆர்பியோ இறங்குகிறது. ஐரோப்பியர்களிடம் இந்த மரபணுவின் பிரதிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்த வகைதான். 2012-ல் இரண்டு பெரிய குழுக்கள் லட்சக்கணக்கானவர்களின் தகவலைச் சேர்த்துப் பார்த்தன. இந்தப் பிரதி ஒன்று இருந்தால் இதய நோய் வாய்ப்பு 3 முதல் 5 சதவீதம் குறைவு.

அந்த எண்ணை இன்னொரு முறை படி. 3 முதல் 5. மருந்து எந்த இடத்தில் கைவைக்க வேண்டும் என்று விஞ்ஞானிக்குக் காட்ட இது போதும். முருகேசனுக்கு மாரடைப்பு வருமா என்று சொல்ல இது எதற்கும் ஆகாது. போன் போட்டவன் விற்பது இந்த மாதிரிச் சில்லறைகளைக் கூட்டிக் கட்டிய பொட்டலம். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு "மாரடைப்பு மரபணு" வரும். 2002-ல் ஜப்பானிலிருந்து லிம்போடாக்சின்-ஆல்ஃபா வந்தது. பெரிய ஆய்வுகளில் நிற்கவில்லை.

அந்தப் பாதையில் மருந்தை வைத்தும் பார்த்தார்கள். 2017-ல், மாரடைப்பு வந்து சிஆர்பியும் ஏறியிருந்த 10,000 பேரிடம், அழற்சியை அடக்கும் கனகினுமாப் ஊசியைச் சோதித்துப் பார்த்தார்கள். கொழுப்பு துளியும் குறையவில்லை, ஆனாலும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 15 சதவீதம் குறைந்தன. கூடவே, தொற்று வந்து செத்தவர்கள் கொஞ்சம் அதிகமானார்கள். மொத்தச் சாவில் வித்தியாசம் இல்லை. அமெரிக்க மருந்து ஆணையம் இதய நோய்க்கு அனுமதி தரவில்லை.

இப்போது உன் காட்டுக்கு வருகிறேன். ஒட்டன்சத்திரம் பக்கம் காலையில் ஆட்களை விட்டுப் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறீர்களே, அந்தக் கண்வலிக்கிழங்கு விதையில் இருக்கும் கோல்சிசின்தான் அடுத்த ஆள். கவுட் என்னும் மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் பழைய மருந்து. வெள்ளணுக்கள் ஓடிவந்து கூடுவதைத் தடுக்கும். தினம் அரை மில்லிகிராம் கொடுத்து 2019-லும் 2020-லும் நடந்த இரண்டு ஆய்வுகளில் இதயச் சிக்கல்கள் நன்றாகவே குறைந்தன. 2023-ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. 2024-ல் மாரடைப்பு வந்த 7,000 பேரிடம் இன்னொரு ஆய்வு; பலன் ஒன்றும் தெரியவில்லை. சண்டை இன்னும் ஓடுகிறது. வியாபாரி விதைக்கு விலையைக் குறைத்துப் பேசினால் இதைச் சொல்லிப் பார், இறங்கி வரமாட்டான் என்று தெரியும்.

விளையாட்டுக்குக்கூட அந்த விதையையோ கிழங்கையோ யாரும் வாயில் வைத்துவிடக் கூடாது. அது எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தம்பிக்குக் கோல்சிசின் தேவையா என்பதை அவன் டாக்டர்தான் சொல்லவேண்டும்; சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு அதே மாத்திரை விஷமாகிவிடும்.

போன்காரனுக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் வீட்டில் எல்லோருக்கும் எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு, சர்க்கரை, பிரஷர் பார்த்துவிடு. லைப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகளுக்கு ஒரு டெஸ்ட் இருக்கிறது, அதையும் எடு. அதுதான் நிஜமாகவே வம்சத்தில் வருவது. பெரும்பாலானவர்களுக்கு ஆயுசில் ஒரு தடவை பார்த்தால் போதும். தம்பி மகனையும் விட்டுவிடாதே. ரிப்போர்ட்டுகளைப் படம் எடுத்து அனுப்பு. வெளிச்சத்தில் வைத்து எடு, போன தடவை அனுப்பியதில் உன் கட்டைவிரல்தான் தெரிந்தது.

அன்புடன்,
சேகர்