வசந்தாவுக்கு: முத்துவின் மதிப்பெண்கள்

அன்புள்ள வசந்தா,

இங்கு எல்லோரும் நலம். எட்டு மாதங்களாக ஒரு வரிகூட எழுதாதவளுக்கு நலம் விசாரிக்க என்ன உரிமை இருக்கிறது என்று நீ கேட்பாய். கேள், பதில் இல்லை. என் முழங்கால் பழையபடியே இருக்கிறது. இவர் பணி ஓய்வு பெற்ற பிறகும் காலை ஐந்து மணிக்கே எழுந்து, எழுந்துவிட்ட செய்தியை வீட்டில் உள்ள அனைவருக்கும் அறிவித்துக்கொண்டிருக்கிறார். பெரியவளுக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. அந்தக் கதை நேரில். இந்தக் கடிதம் எங்கள் நாய் முத்துவைப் பற்றியது.

முத்துவுக்கு 14 வயது முடிந்துவிட்டது. சென்ற ஆண்டின் இறுதியில் அவன் ஓயாமல் தண்ணீர் குடிப்பதையும் எடை குறைவதையும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறியிருந்தது. அந்த எண் உயர்ந்து கண்ணில் படுவதற்குள் சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும் என்று அவர் சொன்னபோது, நாங்கள் கவனிக்கத் தவறிய மாதங்களை இருவரும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டோம். போதாததற்குப் பின்னங்கால் மூட்டுகளும் தேய்ந்திருக்கின்றன. மூட்டு வலிக்கு வழக்கமாகத் தரும் மெலாக்சிகாம் போன்ற மருந்துகள் சிறுநீரகத்துக்கு ஆகாதவை என்பதால், ஒரு நோய்க்குச் செய்யும் உதவி மற்றொரு நோய்க்குச் செய்யும் துரோகமாகிவிடுகிறது.

இவரிடம் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "நன்றாகத்தானே சாப்பிடுகிறான்." சாப்பிடும்வரை கவலையில்லை, சாப்பாட்டை நிறுத்தினால் அப்போது யோசிக்கலாம் என்று நானும் வெகு நாள்கள் அதையே நம்பியிருந்தேன். அது எவ்வளவு பிழையான அளவுகோல் என்பது பிறகுதான் புரிந்தது. கடும் வலியோடும் தட்டை நக்கிக் காலிசெய்யும் நாய்கள் இருக்கின்றனவாம். மறுபுறம், முத்து ஒரு வாரம் தட்டை முகர்ந்துவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டபோது முடிவு வந்துவிட்டதென்று நான் அழுதேன். மருத்துவரோ அது பசியின்மை அல்ல, இரத்தத்தில் தேங்கும் கழிவுகளால் வரும் குமட்டல் என்று சொல்லி வாந்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தார். இரண்டாம் நாளே தட்டைத் தரையில் தள்ளிக்கொண்டு அடுக்களைவரை வந்துவிட்டான். ஆகவே சாப்பிடுகிறான் என்பதும் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிடவில்லை என்பதும் உடனே ஒன்றும் சொல்லவில்லை.

வலி விஷயத்தில் எங்கள் அறியாமை இதைவிடப் பெரிது. வலித்தால் கத்துவான் என்று எண்ணியிருந்தோம். இரவில் காரணமில்லாமல் மூச்சிரைப்பது, படுத்த இடத்தில் நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து மாறிப் படுப்பது, ஒரே மூட்டை நாள் முழுவதும் நக்குவது, எழுவதற்கு முன் ஒரு கணம் தயங்குவது என்று இத்தனை வழிகளில் அவன் சொல்லிக்கொண்டிருந்ததை எல்லாம் "வயதாகிவிட்டது, பாவம்" என்ற ஒரே வாக்கியத்தில் நாங்கள் மூடி வைத்திருந்தோம். மருத்துவர் ஓர் எளிய சோதனை செய்தார். கபாபென்டின் என்ற வலி மருந்தைச் சிறுநீரகத்தின் நிலையைக் கருதி அளவு குறைத்துச் சில நாள்கள் கொடுக்கச் சொன்னார். அவன் மாறினால், நாங்கள் முதுமை என்று பெயரிட்டிருந்தது வலி என்று பொருள். மாறினான், வசந்தா. நான்காம் நாள் காலையில் வாசல்வரை தானாக நடந்து வந்து வெயிலில் மல்லாந்து படுத்தான். மகிழ வேண்டிய காட்சியைப் பார்த்து நான் வெட்கத்தில் உள்ளே போய்விட்டேன்.

பிறகுதான் அந்த மதிப்பெண் தாள் வந்தது. ஆலிஸ் வில்லாலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004இல் வகுத்த முறையாம். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என்று ஏழு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும்; எண் கூடினால் நிலை நன்று என்று பொருள். மொத்தம் 70. கூட்டுத்தொகை 35ஐத் தாண்டினால் அந்த விலங்கின் வாழ்க்கை இன்னும் வாழத்தக்கது என்று கொள்ளலாம். கடைசிப் பெஞ்சில் நாமிருவரும் எண்ணி எண்ணித் தொட்ட அதே 35 இந்த வயதில் என்னைத் தேடி வரும் என்று நினைத்ததே இல்லை. ஆனால் அன்று அது நூற்றுக்கு 35, இங்கே எழுபதுக்கு.

ஞாயிற்றுக்கிழமை இரவு, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் போடுவது என்று முடிவு செய்தோம். இவர் போட்ட மொத்தம் 52. நான் போட்டது 31. ஒரே வீடு, ஒரே நாய்! தலைப்பு தலைப்பாக ஒப்பிட்டுப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. தூய்மைக்கு இவர் 9 போட்டிருக்கிறார். இரவில் நனைந்த விரிப்பை மாற்றுபவள் நான், படுக்கைப் புண் வராமல் அவனைப் புரட்டிவிடுபவள் நான், ஆகவே இவருடைய உலகில் முத்து எப்போதும் துடைத்த பளிங்காக இருக்கிறான். நான் 3 போட்டிருந்தேன். நடமாட்டத்துக்கு இவர் 7 போட்டதன் காரணம், மாலையில் இவர் அவன் அடிவயிற்றில் துண்டைக் கட்டித் தூக்கிப் பிடித்தபடி தோட்டத்தைச் சுற்றி வருவதுதான். நடந்தது யார், நாயா நீங்களா என்று கேட்டேன். இரண்டு நாள்கள் பேசவில்லை.

அந்த இரண்டு நாள்களில் என் தாளையும் நானே திருத்த வேண்டியதாயிற்று. நான் தந்த 3 அவனுடைய துன்பத்துக்கு உரியதா, என் இடுப்பு வலிக்கு உரியதா? ஒவ்வொரு மாலையும் தோள்களுக்கிடையே தோலைத் தூக்கி ஊசி குத்தி உப்புநீர் ஏற்றுகிறேன். அவன் என் கையைக் கண்டதும் ஒதுங்குகிறான். இரவில் சுவரைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறான், கதவிடுக்கில் சிக்கிக்கொண்டு பின்னால் வரத் தெரியாமல் விழிக்கிறான். மூளைத் தளர்ச்சி என்கிறார் மருத்துவர். மூன்று மணிக்கு எழுந்து அவனைத் திருப்பி அழைத்து வரும்போது, இது முடிந்தால் தேவலையே என்று ஓர் எண்ணம் வருகிறது. அந்த எண்ணம் யாருக்காக வருகிறது என்று பிரித்தறிய முடியாதபோது என்னை எப்படி நீதிபதியாக உட்கார வைப்பது? மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட்டேன். பார்த்துக்கொள்பவரின் களைப்பும் கணக்கில் சேர வேண்டியதே, ஆனால் அதை அவன் தாளில் எழுதாமல் தனித்தாளில் எழுதுங்கள் என்றார். அவர் சொன்னவற்றில் எனக்குப் பயன்பட்டது இதுதான்.

கூட்டுத்தொகை மீதும் எனக்கு நம்பிக்கையில்லை. மூச்சுத் திணறும் ஒரு விலங்குக்குத் தூய்மையில் பத்தும் பசியில் பத்தும் போட்டால் என்ன ஆறுதல்? சில தலைப்புகளில் தோற்றால் மற்றவற்றைப் பார்க்கவே கூடாது.

இதை எழுதும்போதுதான் உன்னிடம் சொல்லாமல் எட்டு மாதங்களாகத் தள்ளிக்கொண்டே வந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் பூனை செல்லியை நீ ஊசி போட்டு அனுப்பிவைத்தபோது, "இன்னும் சில நாள்கள் பார்த்திருக்கலாமே" என்று உனக்கு எழுதியவள் நான். நீ பதிலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை; வானிலையைப் பற்றி எழுதியிருந்தாய். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது நாய் இரைப்பதைப் போன்றதல்ல, அது பெரும்பாலும் உயிருக்கே ஆபத்தான நிலை என்பதும், நோயை மறைப்பதில் பூனைக்கு நிகரில்லை என்பதும், அது வெளியே தெரியும் நேரத்தில் பார்ப்பதற்கு நாள்களே மிச்சமிருக்காது என்பதும் எனக்கு அன்று தெரியாது. தெரியாதவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என்னை மன்னித்துவிடு. ஒரு நாள் தாமதிப்பதைவிட ஒரு வாரம் முந்துவது மேல் என்று மருத்துவர்களிடையே ஒரு பேச்சு உண்டாம். அந்த ஒரு வாரத்தைப் பிறகு ஆண்டுக்கணக்காகச் சுமப்பவர் யார் என்பதை அந்தப் பேச்சு சொல்வதில்லை. நீ சுமந்ததன் மேல் நான் ஒரு கல்லும் வைத்தேன்.

இப்போது நாள்காட்டியில் ஒவ்வோர் இரவும் வட்டமோ பெருக்கல் குறியோ போடுகிறேன். முதல் மாதம் 22 வட்டங்கள். பெருமையாக இருந்தது. பிறகு கவனித்தால், விழாமல், வாந்தியெடுக்காமல், நனைக்காமல் கழிந்த நாளுக்கெல்லாம் வட்டம் போட்டிருக்கிறேன். தொல்லை தராத நாள் எனக்கு நல்ல நாளாகியிருக்கிறது. அவனுக்கு எது நல்ல நாள்? இவருடன் உட்கார்ந்து, முத்துவை முத்துவாக்கியவை எவை என்று யோசித்து நான்கை எழுதினோம்: துடைப்பத்தைக் கண்டால் குரைப்பது, செருப்பு திருடுவது, காலை வெயிலில் மல்லாந்து படுப்பது, நின்றுகொண்டிருப்பவர் காலில் முழு எடையையும் சாய்ப்பது. இவற்றில் இரண்டேனும் நடந்தால்தான் வட்டம். இந்த மாதம் இதுவரை வந்த 19 நாள்களில் வட்டங்கள் ஆறு. சென்ற வியாழக்கிழமை துடைப்பத்தைப் பார்த்து ஒரே ஒருமுறை குரைத்தான். இவர் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே அழுதார்.

ஆறு என்ற எண் எனக்கு விடையைச் சொல்லிவிட்டது என்றே நினைக்கிறேன். நாளை நன்றாகிவிடும் என்ற நம்பிக்கை எனக்கும் இவருக்கும் இருக்கிறது. முத்துவுக்கு அந்த வசதி இல்லை, அவனுக்கு இன்றைய வலி மட்டுமே உண்டு. எப்படி நடக்கும் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டேன். முதலில் அயர்வூட்டும் ஊசி. அவன் நன்றாக உறங்கிய பின், மயக்க மருந்து வகையைச் சேர்ந்த பென்டோபார்பிட்டாலை மிகை அளவில் இரத்தக்குழாயில் செலுத்துவார்கள். சில நிமிடங்களுக்குள் மூச்சும் இதயமும் நின்றுவிடும். கண்கள் மூடாமலே இருக்கும், நின்ற பிறகும் ஒரு மூச்சு வருவதுபோல் உடல் அசையலாம் என்பதை இவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இல்லையென்றால் உயிர் இருக்கிறது என்று ஊரைக் கூட்டிவிடுவார். இதற்குக் கருணைக்கொலை என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியவில்லை. தமிழாசிரியை நீதான் சொல்ல வேண்டும்: கருணையை எவ்வளவு முன்னால் நிறுத்தினாலும் சொல் கடைசியில் கொலையில்தானே போய் நிற்கிறது?

இவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. என் கண்களை நானே முழுமையாக நம்பவில்லை. அன்றாடம் பார்ப்பவர்களுக்குச் சரிவு தெரிவதில்லை, களைத்தவர்களுக்குச் சரிவு மட்டுமே தெரிகிறது. நீ அவனைப் பார்த்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நினைவில் இருக்கும் முத்துவோடு ஒப்பிட உன்னால் முடியும், மூன்று மணிக்கு எழுந்த களைப்பும் உனக்கு இல்லை. ஏழு தலைப்புகளையும் எழுதிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். எண்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். இந்த வாரம் நாங்கள் போட்ட எண்களைச் சொல்லமாட்டேன். வந்து ஒரு பகலும் ஓர் இரவும் இருந்து, எங்களிடம் எதுவும் கேட்காமல் நீயாகப் போடு. அதைப் பார்த்த பிறகு முடிவெடுக்க இவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரத்துக்கு மேல் தள்ள வேண்டாம்.

வரும்போது நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வந்து வாசலிலேயே விட்டுவை. இடது பக்கத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வை. அவனால் இப்போது அதிக தூரம் வர முடியாது.

உன்,
கல்யாணி