வேவு பார்ப்பதும் உண்மை பேசுவதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த தொலைபேசி உரையாடலை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு, பென் டிரைவும் வாட்ஸ்அப் திரைப்பதிவுகளுமாக வந்து நிற்கும் கட்சிக்காரர்களைக் குடும்பநல வழக்குகளை நடத்தும் என்னைப் போன்றவர்கள் அடிக்கடி பார்க்கிறோம். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் கணவர் எடுத்து வந்து தாக்கல் செய்ததை, அந்தரங்க உரிமையைக் காரணம் காட்டி ஏற்க மறுத்திருந்தது.

தம்பதியர் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டால் அதுவே அந்த உறவு முறிந்துவிட்டதற்கு அறிகுறி என்று உச்ச நீதிமன்றம் கருதுகிறது. இதை முழுமையாக ஏற்க என்னால் முடியவில்லை. திருமணமான முதல் மாதத்திலேயே, எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாத காலத்தில், கைப்பேசியின் கடவு எண்ணைக் கேட்டு வாங்குவதும், தர மறுத்தால் "என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?" என்று மடக்குவதும் பல வீடுகளில் அன்பின் அடையாளமாகவே நடக்கின்றன. அவ்வாறு வாங்கப்படும் எண்ணால் கைப்பேசி திறக்குமே தவிர, மனம் விட்டுப் பேசும் பழக்கம் வந்துவிடாது. போதாக்குறைக்கு, தோழி தன்னை நம்பிச் சொன்ன அவளுடைய வீட்டுக் கதையும் சேர்ந்து மூன்றாம் மனிதர் கண்ணில் படும்.

ஆனால் அந்தரங்கம் என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஏமாற்றுபவர்களுக்காக நான் வாதாடவில்லை. என்னிடம் வந்த ஒரு பெண், யாரையும் வேவு பார்த்தவர் அல்ல. கார் அவர் பெயரில் இருந்ததால், கணவர் அலுவலகக் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்ன மாலையில் கப்பலூர் சுங்கச்சாவடியின் ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி அவருடைய கைப்பேசிக்கு வந்தது. கேட்டதற்குக் கிடைத்த பதில், "உனக்குச் சந்தேகப் பேய் பிடித்திருக்கிறது" என்பது. உண்மை வெளிவந்த பின் அவர் என்னிடம், "அந்தத் தொடர்பைக்கூட மன்னிச்சிருப்பேன் சார், எனக்குத்தான் புத்தி சரியில்லைன்னு எங்கம்மாகிட்டயே சொன்னதைத்தான் தாங்க முடியல" என்றார். துரோகத்தை மறைக்க, எதிரில் இருப்பவர் தன் கண்ணையே நம்பாதபடி செய்வதுதான் இதில் ஆகக் கொடியது என்று நான் நினைக்கிறேன்.

சட்டம் இதைத் தடுக்கும் என்று எதிர்பார்ப்பதும் வீண். பிறன்மனை உறவைக் குற்றமாக்கியிருந்த, இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது குடும்ப அமைப்பே குலைந்துவிட்டதாகப் பலர் அங்கலாய்த்தனர். இன்றும், நீதிமன்றமே தவறில்லை என்று சொல்லிவிட்டது எனத் துணிந்து பேசுவோர் இருக்கிறார்கள். ஆனால் பிறன்மனை உறவு இப்போதும் விவாகரத்துக்கு உரிய காரணம்தான். 1860இலிருந்து இருந்த அந்தப் பிரிவோ உண்மைத்தன்மையை ஒருநாளும் காத்ததில்லை: மனைவியின் உறவுக்குக் கணவன் சம்மதித்திருந்தால் அங்கே குற்றமே இல்லை, துரோகம் செய்த கணவன் மீது அந்தப் பிரிவின்கீழ் வழக்குத் தொடர மனைவிக்கு வழியும் இல்லை. அது காத்தது கணவனின் உரிமையை மட்டுமே.

ஆகவே தங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை. 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம், முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்கிறது. அதற்காக ஆலோசகர்களும் இருக்கிறார்கள். பதிவுகளைச் சாட்சியமாகக் குறியிடுவதற்கு முன், அவற்றில் உள்ள விஷயத்தைச் சம்பந்தப்பட்டவரே தன் வாயால் துணையிடம் சொல்வதற்கு, உறவினர்களும் வழக்கறிஞர்களும் இல்லாத ஓர் அமர்வையாவது ஆலோசகர் முன்னிலையில் கட்டாயமாக்க வேண்டும். அதன் பின்னும் பிரிவதென்றால் பிரியட்டும்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை.