வெண்டிலேட்டர் வாங்க கையெழுத்து போடுறவங்களுக்கு, ஒரு ஐசியு டயட்டிஷியன் எழுதுறது

ஐசியு ஹெட்டா இருக்குற டாக்டர்களுக்கும் பர்ச்சேஸ் கமிட்டில உக்கார்ற பெரியவங்களுக்கும் வணக்கம். பேரு போடல, போட்டா நாளைக்கு ரவுண்ட்ஸ்ல உங்க மூஞ்சில முழிக்கணும்.

ஐசியுல நாம எதைத்தான் அளக்கல? யூரின் மணிக்கு எத்தனை எம்எல், ராத்திரி ரெண்டு மணிக்கு ஏபிஜிங்கிற ரத்த வாயு டெஸ்ட்டு, சுகர் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ, எல்லாம் சார்ட்ல இருக்கு. ஆனா வெண்டிலேட்டர்ல படுத்திருக்குறவரு உடம்பு ஒரு நாளைக்கு எவ்ளோ கலோரி எரிக்குதுங்கிறத மட்டும் அவரு வீட்டம்மாகிட்ட கேட்டுத்தான் முடிவு பண்றோம். "அம்மா, சார் எவ்ளோ வெயிட் இருப்பாரு?"ன்னு கேப்பேன், அவங்க கண்ண தொடச்சுக்கிட்டே "போன வருஷம் பாத்தப்ப 65ன்னாங்க மேடம்"பாங்க, நான் கிலோவுக்கு 25 கலோரின்னு பெருக்கி 1625ன்னு கேஸ் ஷீட்ல எழுதிட்டு அடுத்த பெட்டுக்கு போயிடுவேன். அவ்ளோதான். செப்சிஸ்ல, அதாவது தொற்று உடம்பு பூரா பரவி ஆபத்தாகுறப்ப, லிட்டர் லிட்டரா ஃப்ளூயிட் ஏறி ஊதிப்போய் கிடக்குறப்ப யாராவது கண்ணால பாத்து 80ன்னு எழுதிட்டா அதே ஆளுக்கு 2000 ஆயிடும். தண்ணி எங்கயாவது கலோரி எரிக்குமா சொல்லுங்க.

ஃபார்முலா இருக்கேம்மாம்பீங்க. இருக்கு. ஹாரிஸ், பெனடிக்ட் ரெண்டு பேரும் 1919ல போட்டது, 136 ஆம்பளைங்க 103 பொம்பளைங்கள வெச்சு, எல்லாரும் நல்லா இருந்தவங்க, வெறும் வயித்துல அமைதியா படுக்க வெச்சு எடுத்த கணக்கு. அதுல இருந்து வந்த நம்பர நம்ம 12ம் பெட்டுல காய்ச்சலோட, பிபி ஏத்துற நார் அட்ரினலின் ஓடிக்கிட்டு, செடேஷன் மயக்கத்துல இருக்குறவருக்கு போட்டு அது மேல ஸ்ட்ரெஸ் ஃபேக்டர்னு 1.2வா 1.5வான்னு நம்ம இஷ்டத்துக்கு ஒண்ணு பெருக்குறோம். ஒரு டிகிரி செல்சியஸ் ஜுரம் ஏறினாலே கலோரி செலவு 10 சதவீதத்துக்கு மேல கூடலாம், செடேஷன் ஆழமா போட்டா, மருந்து குடுத்து தசைய பாரலைஸ் பண்ணா இறங்கிடும், இதெல்லாம் அந்த ஃபார்முலாவுக்கு எப்படி தெரியும்?

அளக்குற வழி புதுசும் இல்ல. உள்ள போற ஆக்ஸிஜன்ல எவ்ளோ உடம்பு எடுத்துக்குது, வெளிய எவ்ளோ கார்பன் டை ஆக்ஸைடு விடுது, ரெண்டையும் அளந்தா எரிச்ச கலோரி வந்துடும். 1949ல கிளாஸ்கோவுல வெய்ர்ங்கிறவரு போட்ட சமன்பாடுதான் இன்னிக்கும் அளக்குற மெஷின் உள்ள ஓடுது. நிமிஷத்துக்கு 250 எம்எல் ஆக்ஸிஜன் எடுத்து 200 எம்எல் கார்பன் டை ஆக்ஸைடு விட்டா ஒரு நாளைக்கு சுமார் 1740 கலோரி. இண்டைரக்ட் கலோரிமெட்ரின்னு பேரு. ஐரோப்பாவோட நியூட்ரிஷன் சொசைட்டி எஸ்பென், அவங்க கைட்லைன் 2019ல வெண்டிலேட்டர் பேஷண்டுக்கு இதால அளங்கன்னே சொல்லிடுச்சு. அது இல்லையா, வெண்டிலேட்டர்ல வர்ற கார்பன் டை ஆக்ஸைடு அளவ வெச்சு போடுங்க, அதுவே ஃபார்முலாவ விட மேல்ங்குது.

இங்கதான் எனக்கு வயிறு எரியுது. நான் முன்னாடி வேலை பாத்த ஒரு ஆஸ்பத்திரில வெண்டிலேட்டரோடவே வந்த மெயின்ஸ்ட்ரீம் கேப்னோ சென்சார், மூச்சுல வர்ற கார்பன் டை ஆக்ஸைட அளக்குறது, ஸ்டோர்ல டப்பா பிரிக்காம கிடந்துச்சு. ரெண்டு வருஷமா. ஒரு பயோமெடிக்கல் தம்பிய கெஞ்சி எடுத்து மாட்ட வெச்சோம். இதுல ஒண்ணு சொல்லிடணும், மானிட்டர்ல ஓடுற ஈடிசிஓ2 வேற, இது வேற, அது ஒவ்வொரு மூச்சு முடிவுலயும் இருக்குற கார்பன் டை ஆக்ஸைடோட அழுத்தம், நமக்கு வேணும்ங்கிறது நிமிஷத்துக்கு எத்தனை எம்எல் கார்பன் டை ஆக்ஸைடு வருதுங்கிற விசிஓ2, அது ஃப்ளோ சென்சாரும் சேந்தாத்தான் வரும். டியூட்டி டாக்டர் ஒருத்தரே என்கிட்ட 38ன்னு காமிச்சு இதானேன்னாரு, சிரிக்கவும் முடியல. அந்த 65 கிலோக்காரருக்கு விசிஓ2 160 வந்துச்சு. அதை கலோரியா மாத்த 8.19ஆல பெருக்கணும், பெருக்கினா 1310 கலோரி. நான் எழுதியிருந்தது 1625, அது போக ப்ரோபோஃபால்ங்கிற மயக்க மருந்து மணிக்கு 10 எம்எல் ஓடுது, அதுல இருக்குற கொழுப்பு எம்எல்லுக்கு 1.1 கலோரி, அதுவே 264. மொத்தம் 1889. எரிக்கிறத விட கிட்டத்தட்ட 580 கலோரி கூட திணிச்சிருக்கேன், நானே என் கையால. சுகர் 250க்கு கீழ வரலன்னு இன்சுலின் ஏத்திக்கிட்டே போனதும், கூட போன மாவுச்சத்து கூடுதல் கார்பன் டை ஆக்ஸைடா வந்து வீனிங்க, அதாவது வெண்டிலேட்டர்லேந்து விடுவிக்கிறத, இழுக்கும்ங்கிறதும் அப்பத்தான் மண்டைல ஏறுச்சு. ரெண்டாவது வாரம் செடேஷன் எறக்கி, ஜுரம் வந்தப்ப அதே மனுஷனுக்கு விசிஓ2 240, அதாவது 1966 கலோரி. இந்த தடவ என் 1625 பத்தாது. ஒரே ஆளு, ஒரே வெயிட்டு, வெயிட்ட மட்டும் வெச்சு போடுற ஃபார்முலா ரெண்டு நாளையும் பிடிச்சிருக்காது.

இப்ப நீங்க கேக்கப்போறது தெரியும், அளந்து ஊட்டினா உயிர் பொழைக்குறாங்கன்னு நிரூபிச்சாச்சான்னு. இல்ல. டென்மார்க்ல 2017ல வந்த ஈட் ஐசியு ஆய்வுல அளந்து முதல் நாள்லேந்தே முழுசா குடுத்துப் பாத்தாங்க, ஆறு மாசம் கழிச்சு வாழ்க்கைத் தரத்துல வித்தியாசம் தெரியல. 2018ல டார்கெட் ஆய்வு, கிட்டத்தட்ட 4000 பேரு, கலோரி கூட குடுத்ததால சாவு குறையல. ஆனா என் பார்வைல இது அளக்குறத பத்தின தோல்வி இல்ல, ஆரம்பத்துலயே முழுசா ஊத்துறதோட தோல்வி. ஆரம்ப நாள்ல உடம்பு லிவர்ல இருக்குற சேமிப்பு, தசையெல்லாம் கரைச்சு தானே சுகர் தயாரிச்சுக்குது, நாம வெளியேந்து எவ்ளோ குடுத்தாலும் அது நிக்காது, அதனாலதான் எஸ்பென்னே முதல்ல 70 சதவீதத்துக்கு மேல போகாத, மூணு நாளுக்கு அப்புறம் ஏத்துங்குது. சரி, 70 சதவீதம், எதுல 70? அந்த எது தெரியாம எப்படி சார் போடுறது? அந்த 65 கிலோக்காரருக்கு முதல் மூணு நாள் 900 சொச்சம்தான் போயிருக்கணும்.

மெஷினும் எல்லா நேரமும் உண்மை சொல்லாது. ஆக்ஸிஜன் 60 சதவீதத்துக்கு மேல ஓடுனா ஆக்ஸிஜன் கணக்கு நம்ப முடியாது, நெஞ்சுல போட்ட ஐசிடி குழாய்ல காத்து பபுள் ஆகுறவரு, மூச்சு டியூப சுத்தி இருக்குற கஃப் லீக் ஆகுறவரு, எக்மோங்கிற செயற்கை நுரையீரல் மெஷின், டயாலிசிஸ் ஓடுறவரு எல்லாம் சிக்கல்தான். வெண்டிலேட்டர் செட்டிங் மாத்தின உடனே பாத்தா தேங்கின கார்பன் டை ஆக்ஸைடு வெளிய வந்து பொய் நம்பர் காட்டும். சக்ஷன் போட்டு இருமுறப்பவும் பாக்கக்கூடாது. எல்லாருக்கும் முடியாது, சரி, முடியுறவங்களுக்காவது பாக்கலாமே.

நான் கேக்குறது பெரிய செலவு இல்ல. தனி கலோரிமீட்டர் விலை எனக்கும் தெரியும், அதை இன்னிக்கே வாங்குங்கன்னு சொல்லல. ஸ்டோர்ல சென்சார் கிடந்தா எடுத்து மாட்ட சொல்லுங்க. வெயிட் பாக்குற பெட் ஐசியுக்கு ஒண்ணாவது வேணும். அடுத்த டெண்டர் ஸ்பெக்ல விசிஓ2 காட்டணும்னு ஒரு வரி சேருங்க, ஆக்ஸிஜனையும் சேத்து அளக்குற மெட்டபாலிக் மாட்யூல் பின்னாடி போட வசதி இருக்கான்னு ஒரு கேள்வி சேருங்க. அப்புறம் டாக்டருங்களுக்கு தனியா ஒண்ணு, ப்ரோபோஃபால் ரேட்ட மாத்தினா எங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடுங்க, ஃபீட் கொறைக்கணும்.

ரவுண்ட்ஸ்ல நான் கடைசில நிப்பேன், பின்னாடி, கையில நோட்டோட. பேஷண்ட் எவ்ளோ கலோரி எரிக்குறாருங்கிற அந்த நம்பர என்கிட்ட ஒரு தடவ கேளுங்க.

இப்படிக்கு,
உங்க ஐசியு டயட்டிஷியன்ல ஒருத்தி